வயல் மண் வயலிலேயே இருக்கட்டும். சுவருக்கு நெய்வேலி சாம்பல் போதும்

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோவில் பக்கத்து வயல்களைத் தேடி ஒருவர் வருவார். பைக்கை வரப்போரம் நிறுத்திவிட்டு, உளுந்து தெளிக்காமல் தரிசாகக் கிடக்கும் வயலில் இறங்கி மண்ணைக் கிள்ளிப் பார்ப்பார். "ஓரடி மண்ணுதானே அண்ணே, சும்மா கெடக்குறதுக்குக் காசாவட்டும்" என்பார். செங்கல் சூளைக்கு மண் பிடிப்பவர் அவர். கையில் கடன், வீட்டில் கல்யாணம், கூட்டுறவு சங்கத் தவணை என்று ஏதாவது ஒன்று உங்களை நெருக்கிக்கொண்டிருக்கும். சரி என்று சொல்லிவிடுவீர்கள்.

சொல்வதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஓரடி ஆழத்துக்கு எடுத்தால் 43,560 கன அடி மண். 100 கன அடி ஒரு யூனிட் என்றால் 435 யூனிட். சூளையில் சுருங்குவது, உடைசல் எல்லாம் போக அதில் ஏறத்தாழ 6 லட்சம் செங்கல் அறுக்கலாம். 360 சதுர அடியில் கட்டும் ஒரு சிறிய வீட்டுக்கு, உதாரணத்துக்கு கலைஞரின் கனவு இல்லம் திட்ட வீட்டுக்கு, சுவர் மட்டும் 9,000 முதல் 10,000 கல் பிடிக்கும். அதாவது ஒவ்வொரு சிறிய வீட்டுக்கும் எங்கோ ஒரு வயலில் ஒன்றரை சென்ட் நிலம் ஓரடி பள்ளமாகிறது.

பள்ளமாவதைவிடப் பெரிய நஷ்டம் எந்த மண் போகிறது என்பதில் இருக்கிறது. மேலே உள்ள அரை அடிதான் நீங்களும் உங்கள் அப்பாவும் தொழு உரம் போட்டு, கிடை போட்டு, தக்கைப்பூண்டு மடக்கி உழுது சேர்த்த மண். ஒரு ஏக்கரின் மேல் அரை அடி மண் ஏறத்தாழ 850 டன் எடை இருக்கும். அதில் அங்ககக் கரிமம் அரை சதவீதம் என்று வைத்தால்கூட நான்கு டன்னுக்கு மேல் கரிமம் போய்விடுகிறது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 டன் தொழு உரம் போட்டாலும் அதில் பெரும்பகுதி மட்கிக் காற்றோடு போய்விடும். மண்ணில் தங்குவது கொஞ்சம்தான். ஒரே வாரத்தில் டிராக்டரில் ஏறிப்போனதைத் திரும்பச் சேர்க்க ஒரு தலைமுறை ஆகலாம். அடுத்த ஆண்டு அந்த வயலில் நெல் வரும், வராமல் போகாது. யூரியா மட்டும் ஒரு கை கூடக் கேட்கும். உளுந்துதான் முதலில் காட்டிக்கொடுக்கும். நெல் தரிசு உளுந்து மேல்மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் சத்தையும் நம்பி வளரும் பயிர். அந்த மண்ணே இல்லையென்றால் அது எதை நம்பும்?

கடைமடையில் இன்னொரு சங்கடமும் உண்டு. பக்கத்து வயலைவிட ஓரடி தாழ்ந்த வயல் ஐப்பசி, கார்த்திகை மழையில் வடியாது. வாய்க்காலில் தண்ணீர் இறங்கினாலும் உங்கள் வயலில் நிற்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மண் கொடுப்பவர் எல்லாரும் காசுக்காக மட்டும் கொடுப்பதில்லை. வாய்க்கால் மட்டத்துக்கு மேல் மேடாக இருக்கும் வயலில் தண்ணீர் ஏறாது. அதை இறக்கத்தான் வேண்டும். அப்படி இறக்குவதாக இருந்தால் மேல் அரை அடியை முதலில் வழித்து ஓர் ஓரமாகக் குவித்து வையுங்கள். அடி மண்ணை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு குவித்ததை நிரவிப் பரப்புங்கள். ஜே.சி.பி.க்குச் சில மணி நேர வாடகை கூடும், அவ்வளவுதான். அந்தச் செலவை மண் எடுப்பவர் தலையில் வைத்து முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சரி, வயல் மண்ணைக் கொடுக்க வேண்டாம் என்றால் வீடு எதில் கட்டுவது? தானே புயல் 2011 டிசம்பரில் அடித்தபோது கடலூர் மாவட்டத்தில் குடிசைகள் என்ன ஆயின என்பதைப் பார்த்தவர்கள் நாம். கல் வீடு வேண்டும். மாட்டுக் கொட்டகைக்கும், மோட்டார் ரூமுக்கும், மண்புழு உரத் தொட்டிக்கும் கல் வேண்டும். இதற்கான பதில் நம் மாவட்டத்துக்குள்ளேயே, நெய்வேலியில், மலைபோல் குவிந்து கிடக்கிறது.

நெய்வேலி சாம்பல்

1956-ல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனம், 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறது. எரிந்தபின் புகையோடு பறக்கும் மெல்லிய சாம்பலைப் புகைபோக்கிக்குப் போகுமுன் இயந்திரங்கள் பிடித்துவிடுகின்றன. ஃபிளை ஆஷ் என்பது இதுதான். அடுப்புச் சாம்பலைப் போல் இதை எண்ணிவிடாதீர்கள். முகப்பவுடரைவிட நைசாக, சிமென்ட் நிறத்தில் இருக்கும். மற்ற மாநிலங்களின் கருப்பு நிலக்கரிச் சாம்பலைவிட நெய்வேலி சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். சுண்ணாம்பு 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சாம்பலை இந்திய தர நிர்ணய அமைவனம் தனி வகையாகவே வைத்திருக்கிறது. நம்முடையது அந்த வகை. தண்ணீர் பட்டால் தானாகவே கொஞ்சம் இறுகும் குணம் அதற்கு உண்டு.

சாம்பல் எப்படிக் கல்லாகிறது என்று கேட்டால், உங்கள் தாத்தா கட்டிய வீட்டைப் பாருங்கள். சிதம்பரம் பக்கத்துப் பழைய வீடுகளில் சிமென்ட் கிடையாது. சுண்ணாம்பையும் செங்கற்பொடியையும் சேர்த்து அரைத்த காரைதான் நூறு வருடமாக நிற்கிறது. சுட்ட களிமண் பொடியில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடும் தண்ணீரோடும் சேர்ந்து மெல்ல மெல்லக் கல்லாக இறுகும். சாம்பலிலும் இருப்பவை அதே சிலிக்காவும் அலுமினாவும்தான். கொத்தனார் ஆட்டுரலில் அரைத்ததை இன்று இயந்திரம் கலக்குகிறது.

இத்துடன் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்தால் இறுகும் வேகம் கூடும். விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த என். பானுமதிதாஸ், என். காளிதாஸ் இருவரும் சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றையும் சேர்த்துச் சூளையே இல்லாமல் கல் செய்யும் முறையை 1990-களில் நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். ஜிப்சம் உங்களுக்குப் புதிதல்ல. விருத்தாசலம், பண்ருட்டி பக்கத்தில் நிலக்கடலை போடுகிறவர்கள் 40 முதல் 45-ம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ போட்டு மண் அணைக்கிறீர்களே, அதே ஜிப்சம்தான். உரத் தொழிற்சாலைகளில் பாஸ்பேட் தயாரிக்கும்போது கழிவாக மிஞ்சுவதும் ஜிப்சமே. ஆகவே இந்தக் கல்லில் சாம்பல், ஜிப்சம் என்று இரண்டு ஆலைக் கழிவுகள் சேருகின்றன.

வழக்கமான கலவையில் சாம்பல் 57 முதல் 65 சதவீதம், மணல் அல்லது கிரஷர் டஸ்ட் 18 முதல் 27, நீர்த்த சுண்ணாம்பு 9 முதல் 12, ஜிப்சம் 5 சதவீதம் இருக்கும். பல பட்டறைகளில் சுண்ணாம்பு, ஜிப்சத்துக்குப் பதில் சிமென்ட் போடுகிறார்கள். அதுவும் நல்ல கல்தான். கலவையை அழுத்திக் கல்லாக்கி, ஓரிரு நாள் நிழலில் உலர வைத்து, பிறகு இரண்டு மூன்று வாரம் தண்ணீர் விட வேண்டும். விறகும் வேண்டாம், நிலக்கரியும் வேண்டாம், புகையும் இல்லை. கல்லின் தரம் முழுக்க அந்த இரண்டு மூன்று வாரத் தண்ணீரில்தான் இருக்கிறது. ஏமாற்றமும் அங்கேதான் நடக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

"சாம்பலில் கட்டிய வீடு நிற்குமா?" என்று உங்கள் வீட்டுப் பெரியவர் கேட்பார். அவர் வீட்டு மாடியிலேயே சாம்பல் இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லுங்கள். கடையில் வாங்கும் சிமென்ட் மூட்டையில் பி.பி.சி. என்று அச்சிட்டிருந்தால் அதில் 15 முதல் 35 சதவீதம் ஃபிளை ஆஷ் கலந்திருக்கிறது என்று பொருள். தர விதியே அதை அனுமதிக்கிறது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். பி.பி.சி. சிமென்ட் மெதுவாக இறுகும். சாதா சிமென்ட்டுக்கு 7 நாள் தண்ணீர் விட்டால் போதும் என்றால் இதற்கு குறைந்தது 10 நாள் விட வேண்டும். கொத்தனார் நான்காம் நாளே "போதும்ணே" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதேபோல் யாரோ சொன்னார்கள் என்று ஒரு மூட்டை சாம்பல் வாங்கி, பி.பி.சி. கலவையில் மேலும் கலக்காதீர்கள். சேர்க்க வேண்டிய அளவு ஏற்கெனவே சேர்ந்துவிட்டது.

சட்டம் உங்கள் பக்கம்

மேல்மண்ணைக் காக்கத்தான் சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்ற விதியே வந்தது. 1999 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் போட்ட முதல் அறிவிக்கையில், அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் உள்ள செங்கல் சூளைகள் மண்ணோடு குறைந்தது 25 சதவீதம் சாம்பல் கலக்க வேண்டும் என்று இருந்தது. பிறகு தூரம் கூட்டப்பட்டது. இப்போது நடப்பில் உள்ளது 2021 டிசம்பர் 31 அறிவிக்கை. அனல்மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் கட்டுமானங்களில், மாற்றுப் பொருளைவிட விலை கூடாமல் கிடைக்கும்வரை, சாம்பல் கல், சாம்பல் ஓடு போன்றவற்றையே பயன்படுத்த வேண்டும் என்று அது சொல்கிறது. பயன்படுத்தாமல் விடும் சாம்பலுக்கு மின் நிலையம் டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும். கடலூர் மாவட்டம் முழுக்க நெய்வேலிக்கு மிக அருகில் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊராட்சியில் பள்ளிக் கட்டடமோ அங்கன்வாடியோ வரும்போது கிராம சபையில் எழுந்து "எந்தக் கல் போடுகிறீர்கள்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நெய்வேலி என்றதும் சிலருக்கு மனம் கசக்கும் என்பது தெரியும். நிலம் கொடுத்தவர்களின் குறை இன்னும் தீரவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெற்பயிரை அழித்து வாய்க்கால் வெட்டியதை யாரும் மறக்கவில்லை. அந்தக் கணக்கு தனி. அதைச் சாம்பல் கல் தீர்க்காது. ஆனால் நம் மண்ணுக்கு அடியிலிருந்து எடுத்த கரியின் சாம்பல் நம் மேல்மண்ணைக் காப்பாற்ற உதவும் என்றால், கோபத்தில் அதையும் வேண்டாம் என்று சொல்வது யாருக்கு நஷ்டம்?

கல் வாங்கும்போது

நெய்வேலியைச் சுற்றிய சாலைகளில் சாம்பல் கல் பட்டறைகள் நிறைய இருக்கின்றன. நல்ல பட்டறையும் உண்டு, அவசரப் பட்டறையும் உண்டு. நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். மாட்டுக் கொட்டகைச் சுவருக்கு அவசரமாகக் கல் தேவைப்பட்டது. ஒரு பட்டறையில் லோடு ரெடியாக இருந்தது, விலையும் குறைவு. எப்போது அறுத்த கல் என்று கேட்கவில்லை. முதல் கார்த்திகை மழையிலேயே கீழ் இரண்டு வரிசையின் முனைகள் மாவு மாதிரி உதிர ஆரம்பித்தன. பசு உரசும் இடத்தில் கல் தேய்ந்து உள்வாங்கியது. பிறகு விசாரித்ததில்தான் அது அறுத்து ஒரு வாரம்கூட ஆகாத கல் என்று தெரிந்தது.

ஆகவே முதல் கேள்வி விலையாக இருக்கக் கூடாது, தேதியாக இருக்கட்டும். அறுத்து குறைந்தது 21 நாள், முடிந்தால் 28 நாள் ஆன கல்லாகப் பாருங்கள். அடுக்கின் மேல் தேதி எழுதி வைக்கும் பட்டறையை நம்பலாம். நெய்வேலி சாம்பலில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் இது இன்னும் முக்கியம். சரியாக நீர் குடிக்காத சுண்ணாம்பு, பின்னால் சுவரில் ஏறிய பிறகு தண்ணீர் பட்டு விரியும், கல் வெடிக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. பட்டறையில் அடுக்கின் நடுவிலிருந்து ஐந்தாறு கல்லை நீங்களே எடுங்கள். அவர்கள் எடுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். கட்டைவிரலால் முனையை அழுத்தித் தேயுங்கள். பொடி கையில் ஒட்டினால் நீராற்றல் போதவில்லை. ஆணியால் கீறினால் மெல்லிய கோடுதான் விழ வேண்டும், பள்ளம் விழக் கூடாது. அடுத்து, நன்றாகக் காய்ந்த கல்லை எடைபோட்டுக்கொண்டு 24 மணி நேரம் தண்ணீரில் போடுங்கள். எடுத்துத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். 3 கிலோ கல் என்றால் ஊறிய பிறகு 3 கிலோ 600 கிராமைத் தாண்டக் கூடாது. தர விதி சொல்லும் 20 சதவீத வரம்பு இதுதான்.

பரங்கிப்பேட்டை, கிள்ளை, கடலூர் முதுநகர் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரு தட்டில் ஓர் அங்குலம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கல்லை நிமிர்த்தி நிறுத்துங்கள். தண்ணீர் முழுக்க உறிஞ்சிக் காய்ந்ததும் மறுபடி ஊற்றிக் காய விடுங்கள். கல்லின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தால், பட்டறையில் உப்புத் தண்ணீர் பயன்படுத்துகிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அந்தக் கல்லில் பூச்சு நிற்காது, சுண்ணாம்பு அடித்தாலும் உரியும்.

பெரிய அளவில் வாங்குவதாக இருந்தால் அமுக்கு வலிமைச் சோதனையும் செய்துவிடுவது நல்லது. ஐ.எஸ். 12894 என்பது சாம்பல்-சுண்ணாம்புக் கல்லுக்கான தர விதி. அதில் 7.5 என்று வகைப்படுத்திய கல், ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 75 கிலோ பாரம் தாங்க வேண்டும். சாதாரண நாட்டுச் செங்கலுக்கு விதி கேட்கும் குறைந்தபட்சம் இதில் பாதிக்கும் குறைவு. கட்டுமானப் பொறியியல் துறை உள்ள கல்லூரிகளில் இந்தச் சோதனைக்கான இயந்திரம் இருக்கும். நம் பக்கத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சாம்பல் கலந்த கான்கிரீட் பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

விலையை ஒப்பிடும்போது ஆயிரம் கல் என்ன விலை என்று மட்டும் கேட்டால் கணக்கு தப்பும். நாட்டுக்கல் ஊருக்கு ஊர் ஒரு அளவு. சாம்பல் கல் பெரும்பாலும் ஒரே அளவில் இருக்கும், கொஞ்சம் பெரிதாகவும் இருக்கும். ஆகவே 100 சதுர அடிச் சுவருக்கு எத்தனை கல், எத்தனை மூட்டை சிமென்ட் என்று கொத்தனாரிடம் கேளுங்கள். சாம்பல் கல் நேராக இருப்பதால் இடைக் கலவையும் பூச்சும் குறையும். லாரியில் உடைவதும் குறைவு. நெய்வேலியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் கடைசியில் விலையைத் தீர்மானிக்கும். திட்டக்குடிக்கும் பண்ருட்டிக்கும் ஒரே கணக்கு வராது.

கட்டும்போது

சாம்பல் கல்லை நாட்டுக்கல் மாதிரி தொட்டியில் ஊறப் போடக் கூடாது. மேலே தண்ணீர் தெளித்தால் போதும். அதிகம் ஊறிய கல் கலவையில் வழுக்கும், பின்னால் சுருங்கி விரிசல் விடும். மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் பூச்சு பிடிக்க, கட்டும்போதே இடைக் கலவையைக் கொஞ்சம் உள்வாங்கச் சுரண்டிவிடச் சொல்லுங்கள். கடைகாலுக்கும் தரைமட்டத்துக்குக் கீழும் கருங்கல்லே நல்லது. ஈரம் ஏறாமல் தடுக்கும் சிமென்ட் பட்டையை மறக்கவே கூடாது. நம் தாழ்வான ஊர்களில் ஐப்பசியில் தண்ணீர் சுவரை ஒட்டி நிற்கும்.

கொட்டகையில் மாட்டு மூத்திரம் படும் கீழ் இரண்டடிக்கு சிமென்ட் பூச்சு கண்டிப்பாக வேண்டும். அடுப்பு, நெல் அவிக்கும் கொப்பரை மேடை போன்ற சூடு தாங்கும் இடங்களுக்குச் சுட்ட செங்கல்தான். மண்புழு உரத் தொட்டிக்கும், தீவனக் கிடங்குக்கும், சுற்றுச்சுவருக்கும் சாம்பல் கல்லில் தயங்க வேண்டியதில்லை.

ஊரில் நான்கைந்து பேர் சேர்ந்து பட்டறையே போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமத்தில் தொடங்குவோருக்கு, பிரிவைப் பொறுத்து, 25 முதல் 35 சதவீதம்வரை மானியம் உண்டு. விண்ணப்பத்துக்குக் கடலூர் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். ஆனால் இயந்திரத்தின் விலையை மட்டும் பார்த்து இறங்காதீர்கள். மூன்று வாரம் கல்லை அடுக்கி வைக்க இடமும், தினமும் தெளிக்க நல்ல தண்ணீரும், அதுவரை காசு முடங்கிக் கிடப்பதைத் தாங்கும் பலமும் வேண்டும். அந்தப் பலம் இல்லாத பட்டறைதான் ஒரு வாரக் கல்லை லாரியில் ஏற்றுகிறது.

எந்தக் கழிவு எங்கே

சாம்பல் நல்லது என்று சொன்னதும் எல்லாச் சாம்பலையும் சுவரில் ஏற்ற வேண்டுமா என்று கேட்கலாம். நம் வயலில் விளைந்த சாம்பலும் இருக்கிறதே. நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் மறுபடி ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். ஒரு டன் நெல்லுக்கு 40 கிலோ. அதில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. சரியான சூட்டில் எரித்த உமிச் சாம்பலைக் கான்கிரீட்டில் சிமென்ட்டுக்குப் பதிலாக 30 சதவீதம்வரை சேர்க்கலாம் என்று காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானி பங்கேற்ற ஆய்வு 2008-ல் காட்டியது. "சரியான சூடு" என்பதுதான் சிக்கல். சூடு 700 டிகிரிக்குள் இருந்தால்தான் சிலிக்கா சுண்ணாம்போடு சேரும் நிலையில் இருக்கும். மீறினால் மணல் மாதிரி ஆகிவிடும். ரைஸ் மில் பாய்லரில் யாரும் டிகிரி பார்ப்பதில்லை. அங்கிருந்து வரும் கருப்புச் சாம்பலில் எரியாத கரி வேறு இருக்கும்.

கரும்புச் சக்கைச் சாம்பலும் அப்படித்தான். 1840-களிலிருந்து சர்க்கரை ஆலை ஓடும் நெல்லிக்குப்பமும், சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு ஆலையும் நம் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஆயிரம் டன் கரும்பு அரைத்தால் ஏறத்தாழ 6 டன் சக்கைச் சாம்பல் மிஞ்சும். அதில் கலந்திருக்கும் எரியாத நாரைச் சலித்தெடுத்து, சிமென்ட் அளவுக்கு நைசாக அரைத்தால் நல்ல கலவைப் பொருளாகும் என்று சென்னை ஐ.ஐ.டி. ஆய்வு கண்டது. சலிக்கவும் அரைக்கவும் வசதி இல்லாமல் அப்படியே அள்ளிக் கல்லில் போட்டால் கல் பொக்காகிவிடும்.

என் கருத்தைக் கேட்டால், உமிச் சாம்பல் இப்போதைக்கு நாற்றங்காலுக்கும் எருக்குழிக்கும் போகட்டும். நாற்று வேர் அறாமல் பிடுங்க வரும் என்று நம் பெண்கள் காலங்காலமாகத் தூவியது வீண் இல்லை. ஆலையின் பிரஸ்மட் மட்க வைத்து வயலுக்குப் போகட்டும். நெய்வேலி சாம்பலின் இடம் சுவர். அதை உரம் என்று எண்ணி லோடு கணக்கில் வயலில் கொட்டிவிடாதீர்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையினர் பழுப்பு நிலக்கரிச் சாம்பலைப் பயிரில் தூவிப் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் ஆய்வை 1980-களிலேயே செய்தார்கள் என்பது உண்மைதான். அது அளவறிந்து செய்த ஆய்வு. சாம்பலில் சிறிதளவு கன உலோகங்களும் உண்டு. கல்லாக இறுகிய பிறகு அவை பெருமளவு உள்ளேயே கட்டுப்பட்டுவிடும். திறந்த வயலில் அப்படி இல்லை. பட்டறையில் வேலை செய்பவர்கள் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

இனி சொல்வதுதான் எச்சரிக்கை. சுவருக்கும் ஆகாத, வயலுக்கும் ஆகாத கழிவு ஒன்று இருக்கிறது. ரசாயன ஆலைகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியில் படியும் சேறு அது. பெரும்பாலும் 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருவது. உரிமம் பெற்ற இடத்துக்கு மட்டுமே போக வேண்டியது. "பள்ளத்தை இலவசமாக மேடாக்கித் தருகிறோம்" என்று யாராவது ராத்திரியில் லாரியோடு வந்தால் சந்தேகப்படுங்கள். மண் விற்ற பள்ளம் உள்ள வயல்காரரைத்தான் அவர்கள் தேடி வருவார்கள். நிறமும் நெடியும் உள்ள எந்த மண்ணையும் இறக்க விடாதீர்கள். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமும், கடலூரில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் எழுத்தில் கொடுங்கள்.

இந்த ஆண்டு வீடோ கொட்டகையோ கட்டும் எண்ணம் இருந்தால் கல்லுக்கு மாசியிலேயே முன்பணம் கொடுத்துத் தேதியைப் பேசிவிடுங்கள். பங்குனி, சித்திரையில் எல்லாரும் கட்டத் தொடங்கும்போதுதான் பட்டறைகளில் பச்சைக் கல் லாரி ஏறும். வாங்கிய கல்லை உங்கள் களத்திலேயே அடுக்கி, இன்னும் ஒரு வாரம் காலை மாலை தண்ணீர் தெளியுங்கள். ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறிவிட வேண்டும் என்றால் ஆடிக்குள் சுவர் முடிய வேண்டும்.